நாய்க்கடிக்குச் சுண்ணாம்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்துவிட்டது. அவன் பாட்டி ஓடிவந்து காயத்தில் சுண்ணாம்பைத் தடவினார். திண்ணையில் கூட்டணிக் கணக்கு பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தவறு என்று தெரியவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அப்புறம் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி இலவசம்தான். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆறிவிட்டதே என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

பாட்டியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? ஓட்டுக் கேட்க வீடு வீடாக வருகிறவர்கள் இதைச் சொல்ல ஒருமுறையாவது வந்ததுண்டா? தமிழ்நாட்டில் மே 1, ஆகஸ்ட் 15 என ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபைக்கென்று இருக்கின்றன. அங்கே சுகாதார ஆய்வாளரைப் பத்து நிமிடம் பேச வைக்கலாமே. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் எப்போது என்று அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப் போகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் கேளுங்கள்.

- ஒரு வாசகர், விருத்தாசலம்