நாங்கள் அழுவதற்காகக் கூடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், முழுப் பக்கம். அதில் கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரு வாக்கியம்: "அறுபது ஆண்டுப் பழைய அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடர்களை, வேறு வேலையில்லாத ஓய்வூதியர்கள் கூடி உட்கார்ந்து பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள், இவற்றில் மருத்துவமும் இல்லை, நாடகமும் இல்லை." எழுதியவர் யாரைப் பார்த்து எழுதினாரோ தெரியாது. செம்பூரில் சனிக்கிழமை மாலைகளில் அப்படிக் கூடி உட்காருகிறவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் கண்ணீர் விடுவதில்லை. சண்டை போடுகிறோம்.

முதலில் தகவலைப் பார்ப்போம். 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்'தான் உலகின் முதல் மருத்துவமனைத் தொடர் என்றும், அது எப்போதோ முடிந்துவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். அந்தத் தொடர் அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது 1963 ஏப்ரல் 1 அன்று. அதே நாளில் இன்னொரு அலைவரிசையான என்.பி.சி.யில் 'தி டாக்டர்ஸ்' என்ற மருத்துவமனைத் தொடர் தொடங்கியது. இங்கிலாந்தில் 'எமர்ஜென்சி வார்டு 10' 1957லேயே வந்துவிட்டது. முடிந்துபோனது 'தி டாக்டர்ஸ்'. 1982 டிசம்பர் 31 அன்று. 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்த முதல் இதழ் தங்களுடையதாக இருக்கும். 1981இல் அந்தத் தொடரில் நடந்த லூக், லாரா கல்யாணத்தை மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள், எலிசபெத் டெய்லர் வந்து போனார் என்பதை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறார். கல்யாணமும் சினிமா நட்சத்திரமும் என்றால் யாருக்குத்தான் தவறும்?

நாங்கள் பார்ப்பது 'தி டாக்டர்ஸ்'. ரெட்ரோ டிவி என்ற அமெரிக்க அலைவரிசை 2014இல் அதை 1967ஆம் ஆண்டுப் பகுதிகளிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தது. நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோது, குழந்தை தூங்கும் நேரத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஊர் திரும்பிய பிறகு பழைய தோழிகளிடம் சொன்னேன். நான் மும்பையில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவள். கூட்டத்தில் ஆபரேஷன் தியேட்டரில் காலத்தைக் கழித்த அக்கா ஒருவர் இருக்கிறார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் ஒருவர், ரயில்வே மருந்தகத்தில் இருந்த மாமா ஒருவர். மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத, எங்கள் எல்லோரையும்விட அதிகம் பேசுகிற வங்கி அதிகாரி ஒருவரும் உண்டு. வேலையில்லாதவர்கள் என்கிறார் கட்டுரையாளர். வேலையை முடித்தவர்கள் என்று திருத்திக்கொள்ளட்டும்.

மருத்துவம் இல்லையாம். 'தி டாக்டர்ஸ்' தொடரில் டாக்டர் நிக் பெல்லினி என்று ஒரு மூளை அறுவை நிபுணர் வருகிறார். "ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் இவர் எதற்கு இவ்வளவு யோசிக்கிறார்?" என்று வங்கி அதிகாரி கேட்டார். அன்றைக்கு ஒரு பகுதிகூடப் பார்த்து முடிக்கவில்லை. சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டதே 1971இல், லண்டனில். அதற்கு முன்னால் சாதாரண எக்ஸ்ரே, ரத்தக் குழாயில் சாயம் ஏற்றி எடுத்த படம், முழங்காலில் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியல், நோயாளி வாயால் சொன்னது போன்றவற்றை வைத்துக்கொண்டுதான் மண்டையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். அந்த யோசனைதான் அங்கே நாடகமே. நின்றுபோன இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் எழுதியது 1960இல். எழுபதுகளில் நான் பயிற்சியில் இருந்தபோதுகூட எல்லா வார்டுகளிலும் எல்லோருக்கும் அது கைவந்திருக்கவில்லை. திரையில் ஒரு டாக்டர் தயங்கினால், அவருக்குத் தெரியவில்லையா, அந்தக் காலத்துக்கே தெரியவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் சண்டை அதைப் பற்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் பர்னார்டு மாற்று இதயம் பொருத்தினார். உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்தபோது, 1968 பிப்ரவரியில் இதே மும்பையில், பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் குழுவினர் அந்த அறுவையைச் செய்தார்கள். நோயாளி சில மணி நேரம்தான் உயிரோடு இருந்தார். அந்த நாட்களில் எடுத்த ஒரு மருத்துவத் தொடரை மும்பையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இது நினைவுக்கு வராமல் வேறு எதற்குக் கண்ணீர் வரும்? முழுப் பக்கக் கட்டுரையில் இதற்கு இரண்டு வரி கிடைக்கவில்லை.

எங்கள் தியேட்டர் அக்கா பார்க்கும்போது கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் கையுறையைப் பார்ப்பார். நான் பார்ப்பது ஊசியை. அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்ச். கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்து, குழாயில் பொறித்த எண்ணும் உள்ளே போகும் தண்டின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துத்தான் பொருத்துவோம். எண் மாறினால் மருந்து பின்பக்கமாகக் கசியும். ஊசி முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்க்க வேண்டும். இழை சிக்கினால் முனை வளைந்திருக்கிறது, கல்லில் தீட்ட வேண்டும். இதெல்லாம் நைட் டியூட்டியில், மற்ற வேலைகளுக்கு நடுவில். திரையில் ஒரு நர்ஸ் தட்டை ஏந்திக்கொண்டு நடந்து வந்தால், அந்தத் தட்டுக்குப் பின்னால் எத்தனை வேலை இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். கட்டுரையாளருக்கு நடை மட்டும் தெரிந்திருக்கிறது.

நாடகமும் இல்லையாம். பகல்நேரத் தொடர்களுக்கென்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது முதன்முதலில் 1972இல் கொடுக்கப்பட்டபோது வாங்கியது இந்தத் தொடர்தான். டாக்டர் ஆல்த்தியாவாக நடித்த எலிசபெத் ஹப்பர்டுக்கு 1974இல் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. கேத்லீன் டர்னரும் அலெக் பால்ட்வினும் சினிமாவுக்குப் போவதற்கு முன் இதில் நடித்தவர்கள். ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது பெரும்பாடாக இருந்த காலம். மேடை நாடகம்போல ஒரே மூச்சில் நடித்துப் பதிவு செய்தார்கள். வசனம் தடுமாறினால் தடுமாறியதுதான். நாடா விலை அதிகம் என்பதால் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள். அந்தக் காலத் தொடர்கள் பல அப்படித்தான் ஒரேயடியாகப் போயின. தப்பித்தது கையில் கிடைத்தால் பார்ப்பது குற்றமா? 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி போட்டபோது "மீண்டும் அந்தப் பொற்காலம்" என்று தலைப்பிட்டுத் தாங்களே உருகினீர்கள். தங்கள் அலுவலகத்தில் பார்த்தால் பொற்காலம், எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்தால் வெட்டிப்பொழுது.

ஹப்பர்டு 2023 ஏப்ரலில் காலமானார். தங்கள் இதழில் ஒரு வரி வரவில்லை. அந்த வாரம் ஒரு தமிழ்த் தொடர் நடிகையின் புது வீட்டுச் சமையலறைக்கு நான்கு படங்கள் வந்தன.

தமிழ்த் தொடர்களின் மருத்துவமனைக் காட்சிகளைத் தாங்கள் வாராவாரம் சிலாகிக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். ஒன்றில் எக்ஸ்ரே படத்தைத் திருப்பி மாட்டி, இதயம் வலப்பக்கம் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்னொன்றில் திரையில் நேர்கோடு ஓடும்போது மின்னதிர்ச்சி கொடுத்து நாயகியை எழுப்பினார்கள். தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்குத்தான் அதிர்ச்சி கொடுப்பார்கள். துடிப்பே இல்லாத நேர்கோட்டுக்கு அது பயன்படாது. நர்ஸ் பயிற்சியில் இருக்கிற பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். "நெஞ்சை உலுக்கும் காட்சி" என்று எழுதினீர்கள். உலுக்கியது உண்மைதான்.

நர்ஸ்களைப் பற்றி எழுதும் நேரம் எது என்பதும் எங்களுக்குப் பழகிவிட்டது. மே 12 வந்தால் நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு முதல் பக்கத்தில் நிற்பார். ஒரு வருடம் அதை ஒட்டி, இரவுப் பணி முடிந்து வெளியே வரும் பெண்கள் விடியற்காலையில் ரயில் நிலையம் வரை பயந்துகொண்டே நடக்க வேண்டியிருப்பதை விரிவாக எழுதி அனுப்பினேன். நான்கு வரியாக வெட்டி, கொட்டாவி விடும் நர்ஸின் கேலிச்சித்திரத்தோடு போட்டீர்கள். பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி. வெட்டியது இடப் பற்றாக்குறையால் என்று பதில் வந்தது. கேலிச்சித்திரத்துக்கு எங்கிருந்தோ இடம் வந்திருந்தது.

மும்பைப் பதிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு மும்பையைப் பற்றித் தாங்கள் மறந்துபோவது இது முதல் தடவையும் அல்ல. ஆஸ்பத்திரித் தொடர்கள் என்றால் அமெரிக்காதானா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் 'லைஃப்லைன்' வந்ததே, விஜயா மேத்தா இயக்கியது. இந்த ஊர் மராத்தி நாடக மேடையில் பெரிய பெயர் அவருக்கு. அதைக் கட்டுரையில் தேடினேன், இல்லை. அதற்குக் கொஞ்சம் பிறகு செயற்கைக்கோள் வந்து, கேபிள்காரர் மொட்டை மாடியிலிருந்து ஜன்னல் வழியாகக் கம்பியை இழுத்தபோது, மாட்டுங்காவிலும் முலுண்டிலும் ஸ்டார் பிளஸ்ஸில் 'சான்டா பார்பரா' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்காத தமிழ் வீடு உண்டா? அப்போது அதைப் பார்த்த யாரும் தங்களுக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் வயதான பிறகுதான் தெரிகிறது.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. தங்கள் அனுபவத்துக்கு முன்னால் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் எம்மாத்திரம். ஆனால் இரண்டு காரியம் செய்தால் நன்றி உடையவளாவேன். முதல் தொடர் எது, முடிந்த தொடர் எது என்ற திருத்தத்தை, கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்திலாவது போடுங்கள். அடுத்து, சனிக்கிழமைதோறும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் பஜனை, நாம சங்கீர்த்தனம், சமையல் போட்டி எல்லாம் வருகின்றன. எங்கள் கூட்டத்தைப் பற்றி அனுப்பியபோது "பொது நிகழ்ச்சி அல்ல" என்று திருப்பினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் கிடையாது. இதைவிடப் பொதுவாக எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. ஒரே வரி போதும்: செம்பூர், சனிக்கிழமை மாலை 4 மணி, 'தி டாக்டர்ஸ்'. விலாசம் தங்கள் அலுவலகத்தில் என் பழைய கடிதங்களில் இருக்கும். கட்டுரையாளரும் வரட்டும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர்,
செம்பூர், மும்பை - 71