சிவப்பு நாடா கட்டிய ஊசி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பெங்களூருப் பதிப்பில் கடந்த ஞாயிறன்று வெளியான வான்குதிப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதனுடன் இருந்த படத்தில், மடிப்பு மேசையின் மேல் கிடந்த பாராசூட் பையில் நீண்ட சிவப்பு நாடாவுடன் செருகியிருந்த ஊசியை, குதிப்பவர் ஆபத்து வேளையில் இழுக்கும் பிடி என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அது பிடியன்று, விமானத்தில் ஏறவே கூடாத பொருள். பாராசூட் மடிக்கும் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைத் தெளிவுபடுத்துவது என் கடமை எனக் கருதுகிறேன்.

வான்குதிப்பாளர் முதுகில் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். முதலாவது சரியாக விரியாவிட்டால் உயிரைக் காக்க வேண்டியது ரிசர்வ் பாராசூட். அதை வெளியே இழுத்து விரிக்கும் சிறு குடைக்குள் வலுவான சுருள்வில் உண்டு. மடிப்பவர் அந்த வில்லை முழங்காலால் அழுத்திக்கொண்டு, பையின் மடல்களிலுள்ள உலோக வளையங்கள் வழியே ஒரு மெல்லிய கயிற்றுக் கண்ணியை இழுத்து, மடல் மடலாக மூடிக்கொண்டு வரும்போது, கண்ணி நழுவி எல்லாம் பிதுங்கிவிடாமல் நிறுத்தி வைப்பதற்கே இந்தத் தற்காலிக ஊசி. கடைசி மடலையும் மூடியபின், பிடியுடன் இணைந்த நிரந்தர ஊசியை அதே கண்ணியில் நுழைத்துவிட்டுத் தற்காலிக ஊசியை உருவிவிட வேண்டும். கண்ணியை இழுக்கப் பயன்பட்ட கயிற்றைக்கூட ஊசிக்கு அடிவழியாக மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டில் கண்ணியின் இழைகள் கெட்டுவிடும்.

தற்காலிக ஊசியை எடுக்க மறந்தால், குதிப்பவர் எவ்வளவு பலமாகப் பிடியை இழுத்தாலும் நிரந்தர ஊசி மட்டுமே கழன்று வரும். கண்ணி விடுபடாது, பை திறக்காது. கண்ணில் படாமல் போகவே கூடாது என்றுதான் அவ்வளவு நீளமான நாடா, அந்தச் சிவப்பு. எண்ணி எடுத்த கருவிகளை எண்ணி வைத்த பிறகே மேசையை விட்டு அகல வேண்டும் என்ற ஒழுங்கும் இதற்காகவே. எத்தனை அனுபவசாலியானாலும் இதற்கு விலக்கு கூடாது.

கணக்குச் சரியான பின்னரே நிரந்தர ஊசியில் மெல்லிய சிவப்பு நூலைச் சுற்றி ஈய முத்திரை இடுவார்கள். அந்த நூல் பிடியை இழுத்ததும் அறுந்துவிடும். அறாமல் இருந்தால் மடித்தபின் யாரும் பையைத் திறக்கவில்லை என்று பொருள். அமெரிக்க விதிப்படி மடித்தவருக்கென்று ஒதுக்கிய அடையாளம் முத்திரையில் பதிந்திருக்க வேண்டும். நைலான் ரிசர்வை 180 நாட்களுக்குள் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்திருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. 2008 வரை இக்கெடு 120 நாட்களாக இருந்தது.

பாராசூட் ரெஜிமென்ட் பயிற்சி மையம் அமைந்த நகரம் நம்முடையது. யலஹங்கா விமானக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வான்குதிப்பில் ஆசை கொள்ளும் தமிழ் இளைஞர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் சிவப்பு நாடாவையே பிடி என்று மனத்தில் பதித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை. குதிக்கும் இடத்தில் முத்திரையையும் மடிப்பு அட்டையிலுள்ள தேதியையும் காட்டும்படி அவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும். யார் முதுகிலாவது அந்த நாடா தொங்கக் கண்டால், விமானம் கிளம்புமுன் உடனே பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும்.

படக்குறிப்பின் திருத்தத்தை வரும் ஞாயிறன்று அதே பக்கத்தில் வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாராசூட் பராமரிப்பாளர்,
அல்சூர், பெங்களூரு