முற்றத்தை மூடலாமா என்று கேட்டிருந்தாயே

மயாமி
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்குக் காய்ச்சல், மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், அதனால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தது நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோது மனசு லேசானது. நான் விசாரித்ததாக அவர்களிடம் சொல்.

தாத்தா வீட்டைப் பழுது பார்க்கும்போது முற்றத்துக்கு மேல் கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்று மேஸ்திரி சொல்வதாக எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவதென்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நேற்று இங்கே விஸ்கயா என்ற பழைய மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது பதில் இருக்கிறது.

பிஸ்கேன் விரிகுடாக் கரையில் இருக்கிறது. விவசாய இயந்திரத் தொழிலில் பணம் சேர்த்த ஜேம்ஸ் டீரிங், பனிக்காலத்தில் வந்து தங்குவதற்காகக் கட்டியது. 1914இல் தொடங்கி, 1916 கிறிஸ்துமஸ் அன்று குடிவந்துவிட்டார். அப்போது மயாமியின் மக்கள்தொகையே சுமார் 10,000தான். இந்த ஒரு வேலையில் 1,000 பேர் இருந்திருக்கிறார்கள். பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளிகள் அதில் நிறைய. அந்தக் கைகளை நினைக்காமல் அந்தச் சுவர்களைப் பார்க்க முடியவில்லை.

இத்தாலியில் நானூறு வருஷமாக ஒரே குடும்பம் வாழ்ந்து, தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டே வந்த வீடு போலத் தெரிய வேண்டும் என்பதுதான் எண்ணம். டீரிங்கும் அவருடைய கலை ஆலோசகர் பால் சால்ஃபினும் ஐரோப்பாவைச் சுற்றி, பழைய மாளிகைகளின் கதவுகளையும் உள்கூரைகளையும் கணப்பு முகப்புகளையும் வாங்கிக் குவித்தார்கள். கட்டடக் கலைஞர் பர்ரல் ஹாஃப்மன் அவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி அறைகளை அமைத்தார். நாம் சுவரை எழுப்பிவிட்டுக் கதவுக்கு அளவு கொடுத்துப் பழகியவர்கள். இங்கே கதவு முதலில், சுவர் அப்புறம்! ஒவ்வொரு கதவுக்கும் நிலை எத்தனை உயரம், எத்தனை அகலம் என்று அந்த மனிதர் எத்தனை ராத்திரி கணக்குப் போட்டிருப்பார்! உள்ளே கான்கிரீட், வெளியே பூச்சும் சுண்ணாம்புக் கல் வேலைப்பாடும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் சிப்பியும் பவளமும் அப்படியே பதிந்திருக்கின்றன. கூரையில் அரைவட்ட ஓடுகள். கியூபாவில் பழைய வீடுகளிலிருந்து எடுத்து வந்தவை.

ஆனால் நான் சொல்ல வந்தது முற்றத்தைப் பற்றி. வீட்டின் நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றி அறைகள். கடலைப் பார்த்த பக்கம், தூண்கள் தாங்கிய தாழ்வாரம் ஒன்று, கதவுகளைத் திறந்தால் முழுக்க வெளியோடு சேர்ந்துவிடும். ஏசி இல்லாத காலம். கடல் காற்று தாழ்வாரம் வழியாக நுழையும், அறைகளைக் கடக்கும், முற்றத்தில் சூடாகி மேலே எழும்பிப் போகும், அது போகப் போகப் புதுக்காற்று உள்ளே வரும். வீட்டின் வரைபடமே காற்றுக்காகப் போட்டதுதான் என்று நான் நினைக்கிறேன். இத்தாலிய அலங்காரம் அதற்குப் பிறகு வந்த உடுப்பு.

1986இல் அந்த முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டார்கள். காரணம் நியாயமானது. 1950களிலிருந்தே அது அருங்காட்சியகம். உப்புக்காற்றும் ஈரமும் பழைய மரச்சாமான்களையும் திரைச்சீலைகளையும் தின்றுகொண்டிருந்தன. குளிரூட்டினால்தான் காப்பாற்ற முடியும், குளிரூட்ட வேண்டுமென்றால் மூட வேண்டும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனாலும் முற்றத்தில் நின்றபோது ஏதோ குறைந்தது. வெளிச்சம் இருந்தது, வானம் தெரிந்தது, காற்று மட்டும் இல்லை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம், முகத்தில் காற்று படவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

தோட்டத்தில் ஒரு விஷயம் உனக்குப் பிடிக்கும். அதை அமைத்தவர் டியேகோ சுவாரஸ். வீட்டின் தெற்கு மேடையிலிருந்து பார்த்தால் தோட்டத்துக்கு அப்பால் இருந்த ஏரித் தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசியதாம். அதற்காக ஒரு மண்மேட்டையே எழுப்பி, அதன் மேல் மரங்களும் ஒரு சின்ன மண்டபமும் வைத்து மறைத்துவிட்டார். கடலில் கல்லால் கட்டிய கப்பல் மாதிரி ஒன்று நிற்கிறது, அலையைத் தடுக்க. அழகும் வேலையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது அங்கே. 2017இல் இர்மா புயல் வந்தபோது கீழ்த்தளத்தில் கடல்நீர் புகுந்துவிட்டதாம். கரையிலேயே கட்டியதற்கு அந்த வீடு கொடுக்கிற விலை அது.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். உன்னிடம் காப்பாற்ற வேண்டிய ஓவியத்திரைகள் இல்லை, அங்கே மனிதர்கள் இருக்கப்போகிறார்கள். முற்றத்தை மூடாதே. குரங்கு புகுந்துவிடும் என்றுதான் பயம் என்றால் கம்பி வலை போதும், காற்றும் போகும், மழையும் விழும். சாரல் உள்ளே அடித்தால் தாழ்வாரத்தில் தட்டி கட்டிக்கொள்ளலாம், மழை நின்றதும் சுருட்டிவிடலாம். மேஸ்திரியிடம் கூரையைப் பேசுவதற்கு முன்னால் வடிகாலைப் பார்க்கச் சொல். பழைய வீடுகளில் அதுதான் அடைத்துக்கொண்டு, பழி முற்றத்தின் மேல் விழுகிறது. தாழ்வாரத்துக்கும் முற்றத்துத் தரைக்கும் எத்தனை அங்குலம் இறக்கம், தண்ணீர் எந்த மூலையில் வெளியேறுகிறது, இரண்டையும் அளந்து எழுது. நான் ஒரு படம் வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்