கடைசி பஸ்ஸும் விடைபெறும் கலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடைசி பஸ் நேரத்துக்கு முன்னமே போய்விடுகிறது என்று வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். பஸ்காரர் பக்கம் பிழையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பயணி விருந்து வீட்டிலிருந்து எப்படிப் புறப்படுகிறார் என்பதையும் விஞ்ஞான முறைப்படி ஆராய வேண்டாமா?

மலையகத்தில் விடைபெறுவதற்கு நான்கு கட்டங்கள் உண்டு. தொடையில் தட்டி "சரி, அப்ப கெளம்புறோம்" என்பது முதலாவது. இது அறிவித்தல் மட்டும்தான், யாரும் எழும்ப மாட்டார்கள். காலையிலேயே வந்தவருக்கும் "இப்பதானே வந்தீங்க" என்ற பதில்தான் கிடைக்கும். விஷயம் தெரிந்த பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் சப்பாத்தைத் தொடுவதில்லை.

இரண்டாவது, எழும்பி நிற்பது. அதற்குப் பிறகுதான் அடுப்பில் கேத்தல் ஏறும். இங்கே பௌதிகவியல் நமக்குச் சாதகம். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொழும்போடு பார்த்தால் 6 பாகை மிச்சம். அந்த மிச்சத்தை ஈர விறகு தின்றுவிடுகிறது. போதாததற்கு, சூடு குறைந்த தண்ணீரில் சாயம் இறங்கவும் சுணங்கும். "வேணாம், இப்பதானே குடிச்சோம்" என்று தடுப்பதில் பலனில்லை, அதற்குள் சீனி போட்டாயிற்று.

மூன்றாவது கட்டம் இஸ்தோப்பு, அதாவது வீட்டு முன் விறாந்தை. ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளே இரண்டு மணித்தியாலம் மழையையும் மரக்கறி விலையையும் பேசியவர்கள், வந்த விஷயத்தை இங்கேதான் வெளியே எடுப்பார்கள்: கைமாத்து, சம்பந்தப் பேச்சு, கோயில் திருவிழாக் காசு. காரணம் இல்லாமல் இல்லை. உட்கார்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டால் "பார்ப்போம்" போதும், இரு தரப்புக்கும் முகம் கோணாது. ஆனால் "பார்ப்போம்" என்பதற்குள் சொந்தக்காரர் எல்லாருடைய சுகமும் விசாரித்தாக வேண்டும். நேரம் போவது அதில்தான்.

கடைசியாக, வெளியே தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் மரக்கறிப் பை. லீக்ஸ், கரட், ஒரு கோவா. முதல் மறுப்பு மரியாதைக்கு, இரண்டாவது பாரம் பார்க்க, மூன்றாவது மறுப்பைச் சொல்லும்போதே கை பைக்காதைப் பிடித்திருக்கும். முதல் மறுப்பிலேயே வீட்டுக்காரர் பையை உள்ளே கொண்டுபோனாலும் கெட்டது, விருந்தாளி மறுக்காமல் வாங்கினாலும் கெட்டது. இரண்டும் அடுத்த கல்யாண வீட்டில் பேச்சாகும்.

ஆகவே, கடைசி பஸ் மாலை 6 மணிக்கு என்றால் 4.45க்குத் தொடையில் தட்டிவிட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை இருப்பதால் 4 மணிக்கே தட்டுவது உத்தமம். இஸ்தோப்பில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் எந்தக் கணக்கும் செல்லாது. திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து, தேத்தண்ணி உட்பட, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.