பழைய இதழ்களை மின்னாக்க உதவுங்கள்

குகை, அம்மாப்பேட்டை, சேவாப்பேட்டை வாசகர்களுக்கு வணக்கம்.

நம் நூலகத்தின் பின்கட்டு அலமாரியில் கிடக்கும் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து காப்பாற்றுவதென்று குழு முடிவெடுத்திருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும்.

எல்லாவற்றையும் எடுக்கப்போவதில்லை. கல்கி, விகடன் தொகுதிகள் வேறு நூலகங்களிலும் இருக்கின்றன. நமக்கு முதலில் வேண்டியவை, குறைந்த பிரதிகளே வந்து வெளியில் காணாமல்போனவை: 1968இல் கவிஞர் சி. மணி சேலத்திலிருந்து தொடங்கிய ‘நடை’ போன்ற சிற்றிதழ்கள், 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்த காலத்துத் துண்டுப் பிரசுரங்கள், மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பாட்டுப் புத்தகங்கள். பாட்டுப் புத்தகத்தை நூலகத்தில் யார் சேர்த்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட் தாள். மரக்கூழிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுத் தாளைப் பழுப்பாக்கிவிட்டது; புரட்டினால் ஓரம் அப்பளமாக நொறுங்குகிறது. கம்பிப் பின் அடித்த இடத்தைத் துரு தின்றுவிட்டது, மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்கிறது. அந்தக் காலத்து பைண்டர் வேறு, பிரியக்கூடாதென்று எழுத்தை ஒட்டியே தைத்திருக்கிறார். சாதாரண ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு உடையும், தையலோர எழுத்துகளும் விழாது. அதனால் தொகுதியைப் பாதி விரித்தபடியே தாங்கும் ஒரு தாங்கி, மேலிருந்து படமெடுக்க இரண்டு கேமரா, விளக்குகள், ஹார்ட் டிஸ்க் வாங்குகிறோம். தையலை வெட்டிப் பிரித்தால் செலவு குறையும் என்று ஒரு யோசனை வந்தது. அசலை அழித்து நகலெடுக்கக் குழுவுக்குச் சம்மதமில்லை.

அப்புறம் கூலி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, றா வடிவங்களைப் படத்திலிருந்து எழுத்தாக மாற்றும்போது கணினி தடுமாறும். ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும். இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைக்கிறோம். சும்மா செய்யச் சொல்லி, பாதியில் நிற்பதைவிட இது மேல்.

பதிப்புரிமை உள்ளவற்றை, உரியவர் அனுமதி தந்தால் மட்டுமே இணையத்தில் ஏற்றுவோம்.

100 ரூபாயானாலும் ரசீது உண்டு. ஒரு தொகுதியின் செலவை முழுதாக ஏற்பவர் சொல்லும் பெயரை அதன் முதல் பக்கத்துக்கு முன்னால் சேர்ப்போம். வரவு செலவு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பணம் தர இயலாதவர்கள் வீட்டுப் பரணைக் கொஞ்சம் பாருங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் எங்களிடம் காட்டுங்கள். விடுபட்ட இதழ் இருந்தால் படமெடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

நன்கொடையை மாலை வேளைகளில் நூலகர் மேசையில் செலுத்தலாம். காசோலை நூலகத்தின் பெயரில் இருக்கட்டும்.

இதழ் மின்னாக்கக் குழு,
சேலம்