எதை வைத்து சார்ட் செய்வது?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது தானே பேப்பர் படிக்கிறார், உன்னையும் விசாரித்தார்.

கிரீடி கணக்கில் (ஒவ்வொரு படியிலும் அப்போதைக்குச் சிறந்ததையே எடுத்துக்கொண்டு போகும் நிரல் கணக்கு) சார்ட் செய்ய, அதாவது வரிசைப்படுத்த வேண்டும் என்பது தெரிகிறது, எதை வைத்து என்பதுதான் பிடிபடவில்லை என்று உன் மகள் சொன்னதாக எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அமெரிக்க மாணவர் நிரல் போட்டியான யுசாக்கோவில் 2007 ஜனவரியில் வந்த பசுக் கணக்கை அவளுக்குக் கொடு. பசுக்கள் பூந்தோட்டத்தில் புகுந்துவிட்டன. ஒவ்வொன்றாகத் தொழுவத்துக்கு ஓட்ட வேண்டும். போக எத்தனை நிமிடமோ, திரும்பவும் அத்தனை. காத்திருப்பவை அதுவரை தின்றுகொண்டே இருக்கும். பூச்சேதம் குறைய எந்த வரிசையில் ஓட்டுவது?

அதிகம் தின்பதை முதலில் ஓட்டலாம் என்று தோன்றும். ஒரு பசு 10 நிமிட தூரம், நிமிடத்துக்கு 5 பூ. இன்னொன்று 1 நிமிட தூரம், 4 பூ. முதல் பசுவை முதலில் ஓட்டினால் 80 பூ போகும், மாற்றி ஓட்டினால் 10தான். சரி, பக்கத்தில் இருப்பதை முதலில் ஓட்டலாமா? 1 நிமிடம் 1 பூ, 2 நிமிடம் 5 பூ என்று வைத்துப் பார்த்தால் அதுவும் தோற்கும்.

ஊகிப்பதை விட்டுவிட்டு, அடுத்தடுத்து நிற்கும் இரண்டை மட்டும் இடம் மாற்றிப் பார்க்கச் சொல். மற்ற பசுக்களின் கணக்கு மாறாது, இரண்டையும் ஓட்ட ஆகும் மொத்த நேரம் ஒன்றுதானே. முன்னே போவதன் நேரத்தைப் பின்னே நிற்பதன் தீனியால் பெருக்கு. எந்த வரிசையில் இது சிறியதோ அதுவே சரி. சார்ட்டுக்கு இந்த ஒப்பீடே போதும். நேரத்தைத் தீனியால் வகுத்து ஏறுவரிசையில் அடுக்குவதும் இதேதான். விதிக்கு மாறாக நிற்கும் ஜோடிகளை மாற்றிக்கொண்டே போனால் சேதம் ஒருபோதும் கூடாது, கடைசியில் சார்ட் ஆன வரிசைதான் மிஞ்சும். நிரூபணமும் அதிலேயே முடிந்துவிடுகிறது! 1956இல் ஸ்மித் என்பவர் ஒற்றை இயந்திரத்தில் வேலைகளை வரிசைப்படுத்தக் கண்ட விதியும் இதுவே. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதன் அழகு சலிப்பதில்லை.

அப்புறம், நிரல் எழுதும்போது வகுக்காமல் குறுக்கே பெருக்கச் சொல், தசமப் பிழை வராது. சி++ மொழி என்றால், எது முன்னே என்று ஒப்பிடும் கம்பேரட்டரில் 'சிறியது' மட்டும் இருக்கட்டும், 'சிறியது அல்லது சமம்' கூடாது. ஒரு லட்சம் பசுக்கள் வரை வரலாம். விடையை இன்ட் என்ற சிறிய எண் வகையில் வைத்தால் கொள்ளாமல் வழிந்துவிடும், பெரிய எண் வகையான லாங் லாங் வேண்டும்.

அவள் எழுதியதை எனக்கு அனுப்பு. பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறாய்தானே?

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி