கல் வாச்சியால் செய்த கிணறு

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் ஒரு விஷயம் சொல்ல வந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளையைத் தூங்க விடுங்கள் என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். சரி, எழுதியே விடுகிறேன், ரயிலில் போகும்போது படி.

ஜெர்மனியில் நீ மூட்டை ஏற்றி இறக்கும் அந்த லைப்சிக் ஏர்போர்ட்டைப் பெரிதாக்கத் தோண்டியபோது, ஆல்ட்ஷெர்பிட்ஸ் என்ற இடத்தில் ஒரு கிணறு கிடைத்திருக்கிறது, தெரியுமா? மண்ணைச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் ஓக் மரப் பலகை கட்டி, ஏறத்தாழ 7 மீட்டர் இறக்கியிருக்கிறார்கள். கட்டியது கி.மு. 5100 வாக்கில். எகிப்துப் பிரமிடுகளுக்கே இது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மூத்தது. அங்கேயே பிரிக்காமல், 2008-இல் மண்ணோடு சேர்த்து ஒரே கட்டியாக, 70 டன், கிரேன் வைத்துத் தூக்கி டிரெஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய், கூரைக்குக் கீழே வைத்துப் பொறுமையாகப் பிரித்தார்களாம்.

எனக்குத் தூக்கம் போனது அந்த மரவேலையைப் பார்த்துத்தான். அடிச்சட்டத்தின் மூலையில் ஒரு பலகையில் துளை போட்டு, அடுத்த பலகையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, துளை வழியாக வெளியே நீட்டி, நீண்ட முனையில் இன்னொரு துளை போட்டு ஆப்பு அடித்திருக்கிறார்கள். வெளியே மண் நெருக்க நெருக்க மூலை விலகாது. இதே பூட்டை உங்கள் தாத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பதினாலு வயது, நாலு துளை கெடுத்து நாலு குட்டும் வாங்கினேன், அதுவும் கையில் நல்ல இரும்பு உளி இருந்தும்! அவர்களிடம் இரும்பு ஏது, செம்புகூட அந்தப் பக்கம் வரவில்லை. மரம் செதுக்க, கல்லைத் தேய்த்துக் கூராக்கிய வாச்சி, பிளக்க ஆப்பு, இந்த மாதிரிச் சாமான்தான். ஒரு மீட்டர் பருமன் வரை உள்ள மரத்தைச் சாய்த்து, ஆப்பு வைத்துப் பிளந்து பலகை ஆக்கியிருக்கிறார்கள். பச்சை மரமாகவே வேலை பார்த்தார்கள் என்று படித்தபோது, ஆமாம், வேறு எப்படி முடியும் என்று நினைத்தேன். காய்ந்து வைரம் இறுகிவிட்டால் கல் என்ன செய்யும்?

மரம் இத்தனை நாள் எப்படி மக்காமல் இருந்தது என்று கேட்பாய். நிலத்தடி நீருக்குள் காற்று போகாது, காற்று இல்லாவிட்டால் மக்க வைக்கும் பூஞ்சை பிழைக்காது. நம் ஊரில் கிணற்றுக்கு அடியில் நெல்லிக்கட்டை போடுவார்களே, தூர் வாரும்போது எடுத்துப் பார்த்தால் கறுத்திருக்கும், ஆனால் உளி இறங்காது. அந்தக் கதைதான்.

வருஷக் கணக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்பதும் நம் தொழிலோடு ஒட்டியதுதான். அறுத்த மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்லுவேன் நான். அவர்கள் அதற்கு மேலே போகிறார்கள். நல்ல மழை பெய்த வருஷம் வளையம் அகலம், காய்ந்த வருஷம் ஒடுக்கம். இன்று நிற்கும் மரத்தில் தொடங்கி, பழைய வீட்டு உத்தரம், சேற்றில் புதைந்த கட்டை என்று ஒன்றோடு ஒன்று பொருத்தி, ஆயிரக்கணக்கான வருஷத்துக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கெடாமல் இருந்தால், மரம் சாய்ந்த வருஷமே தெரிந்துவிடும். செக் நாட்டில் ஆஸ்ட்ரோவ் என்ற ஊரில் நெடுஞ்சாலை போடும்போது 2018-இல் ஒரு கிணற்றுப் பெட்டி கிடைத்தது. அதன் பலகைகளுக்கு மரம் வெட்டியது கி.மு. 5256-5255. மூலைக்கால்களில் சில அதற்கு மூன்று நாலு வருஷம் முன்பே வெட்டியவை, வேறு எதற்கோ செய்ததைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். பட்டறையில் கிடக்கும் மிச்சக் கட்டையை நான் எடுத்து வைப்பதைப் பார்த்து, குப்பை சேர்க்கிறேன் என்பாயே! அந்தப் பெட்டி காய்ந்து சுருங்காமல் இருக்கச் சர்க்கரைக் கரைசலில் ஊற வைத்தார்களாம். அம்மா இதைக் கேட்டு, குலாப் ஜாமூன் மாதிரியா என்று சிரித்தாள்.

ஆல்ட்ஷெர்பிட்ஸ் கிணற்றுக்குள் பானைகள், நார்க்கயிறு, மரப்பட்டையில் செய்த பாத்திரம் எல்லாம் கிடந்திருக்கின்றன. சில பானையில் பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டையிலிருந்து எடுத்த கீல் பூசி, அதன் பட்டையைக் கீற்றுக் கீற்றாக ஒட்டி அழகு பார்த்திருக்கிறார்கள். கயிறு அறுந்து விழுந்திருக்கும், பாதாளக்கரண்டி இல்லாமல் தவித்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கிணறு தூர்ந்த பிறகும் பானை போட்டிருக்கிறார்கள், அதனால் சடங்காக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கட்டும். தண்ணீர் கொடுத்த கிணற்றைச் சும்மா மூடிவிட யாருக்குத்தான் மனசு வரும்?

அப்புறம், பட்டறைச் சாமான்களை எடைக்குப் போடச் சொன்னாயே, அது இப்போது வேண்டாம். நீ பொங்கலுக்கு வரும்போது சாக்லேட் எல்லாம் கிடக்கட்டும், கை நீளத்துக்கு ஒரு ஓக் துண்டு, முடிந்தால் பச்சையாக, பட்டையோடு கொண்டு வா. தேக்கு, வேம்பு, பலா, பூவரசு எல்லாம் இழைத்திருக்கிறேன், ஓக்கைத் தொட்டதே இல்லை. ஒரு கருங்கல்லைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா